நீலகிரியில் யார் வீட்டு விருந்து?

வெப்பமண்டல நாடுகளுக்குச் செல்லும் பயணிகள் அந்தந்த ஊர் மக்களின் பண்பாட்டையும் விருந்தோம்பலையும் அருகிருந்து அறிய விரும்புவது இன்று சுற்றுலாத் தொழிலின் முதன்மையான விற்பனைப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. அந்த விருப்பம் எங்கே நிறைவேறுகிறது, எங்கே வெறும் வேடிக்கை பார்ப்பதாக முடிந்துபோகிறது என்பதை ஆராய்வதற்கு நீலகிரி மாவட்டத்தைப் போல் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் வேறில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 11 பாகை வடக்கே, வெப்பமண்டலத்துக்குள்ளேயே அமைந்திருந்தும், கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்ந்து கிடக்கும் உதகமண்டலம், சமவெளியின் வெப்பத்திலிருந்து தப்புவதற்கென்றே ஆங்கிலேயர் உருவாக்கிய நகரம். வந்தவர்களே தங்களுக்காகக் கட்டிக்கொண்ட நகரம் என்றும் சொல்லலாம். அங்கே போய் இறங்குகிறவருக்கு அறை கிடைக்கும், குதிரைச் சவாரி கிடைக்கும், வீட்டுச் சாக்லேட்டும் தைலமும் கிடைக்கும். ஆனால் அந்த மலையின் வீட்டுக்காரர் யார், அவர் எந்த வாசலில் நின்று யாரை எப்படி வரவேற்பார் என்பது ஏரியையும் பூங்காவையும் சுற்றி வருகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டில் அரசு தனிக்கவனத்துக்குரியவை என்று வகைப்படுத்தியிருக்கும் பழங்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன. இவர்களோடு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகையும் தனி மொழியும் கொண்டு, ‘ஹட்டி’ எனப்படும் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் வாழும் படகர்கள் இருக்கிறார்கள். பிற்காலத்தில் தோட்ட வேலைக்காகவும் வணிகத்துக்காகவும் அடைக்கலம் தேடியும் வந்து சேர்ந்த தமிழர், மலையாளிகள், கன்னடர் ஆகியோரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் விருந்தினரை ஏற்கும் முறை தனித்தனியானது என்பதையும், அந்த முறைகளின் உயிர்நாடி உபசாரத்தில் மட்டும் இல்லாமல் எல்லைகளிலும் இருக்கிறது என்பதையும் முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது. வருகிறவர் எதுவரை வரலாம், எங்கே அமரலாம், எதைத் தொடக்கூடாது என்பவை தெளிவாக வகுக்கப்பட்டிருப்பதனால்தான் அந்நியர் ஒருவரை அச்சமின்றி வரவேற்க அம்மக்களால் முடிந்திருக்கிறது.

ஆங்கிலேயர் மலையேறுவதற்கு முன்பு இச்சமூகங்களுக்கு இடையே ஒரு பண்டமாற்று உறவு நிலவியதை மானிடவியலாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். தோடர்கள் எருமை வளர்த்து நெய்யும் பாற்பொருள்களும் தந்தார்கள்; கோத்தர்கள் கத்தி, மண்வெட்டி, பானை ஆகியவற்றைச் செய்து தந்ததோடு, பிறருடைய சாவுக்கும் திருவிழாவுக்கும் இசைக்கவும் வந்தார்கள்; குறும்பர்கள் தேன், கூடை, காட்டு விளைபொருள்களைக் கொண்டுவந்தார்கள்; படகர்கள் தங்கள் விளைச்சலிலிருந்து தானியம் அளந்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் சந்தையில் நடக்கவில்லை, குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக நடந்தது. ஆகவே பொருள் கொண்டுவருகிறவர் வியாபாரி என்றும் கருதப்படவில்லை, வெறும் விருந்தாளி என்றும் கருதப்படவில்லை. உரிமையோடு வந்து, உரிய இடத்தில் நின்று, உரியதைப் பெற்றுச் செல்லும் உறவினரைப் போன்ற ஒருவராக இருந்தார். இதை ஒரு பொற்காலமாக வரைந்து காட்டும் வழக்கம் சுற்றுலா எழுத்துகளில் உண்டு. ஆனால் அந்த உறவில் உயர்வு தாழ்வும் தீட்டும் அச்சமும் கலந்தே இருந்தன. குறும்பர்கள் மந்திரம் வைப்பவர்கள் என்ற நம்பிக்கை பரவியிருந்ததும், அந்தப் பழியைச் சுமத்தி 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் கொல்லப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருப்பதும் மறைக்கக்கூடியவை அல்ல. பணப் பொருளாதாரமும் கடைத்தெருவும் வந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தப் பிணைப்பு படிப்படியாக அறுந்தது.

மலைமக்களின் விருந்தைப் பற்றிய தமிழ் இலக்கியச் சான்று இதைவிடப் பழமையானது. பத்துப்பாட்டின் பத்தாவது நூலும் 583 அடிகள் கொண்டதுமான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர், எதிரே வரும் மற்றொரு கூத்தர் குழுவுக்கு வழி சொல்வதாக அமைந்தது. அது நீலகிரியைப் பற்றிய நூல் அன்று; இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியின் மலைகளைப் பாடுவது. ஆனாலும் ஒரு பயணக் கையேடு என்ற வகையில் இன்றைய கையேடுகள் பலவற்றைக் காட்டிலும் அது நேர்த்தியானது. தினைச்சோறும் மூங்கிலில் முதிர்ந்த தேறலும் எந்தச் சிற்றூரில் கிடைக்கும் என்று சொல்வதோடு நில்லாமல், பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், யானையை விரட்டத் தினைப்புனத்திலிருந்து எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், அப்போது எப்படி ஒதுங்கிக்கொள்வது என்பதையும் அது எச்சரிக்கிறது. விருந்து அளிப்பவரின் கடமையைப் பேசிய நூல்கள் தமிழில் பல. விருந்துக்குப் போகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வது ஆற்றுப்படை நூல்களின் தனிச்சிறப்பு. நீலகிரிக்குப் போகிறவருக்குத் தேவைப்படுவதும் அந்த அறிவுதான்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிக் கோத்தகிரிப் பகுதியில் தங்கினார். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பெத்தக்கல் பங்களா இன்று அவருடைய நினைவகமாகப் பராமரிக்கப்படுகிறது. பின்னர் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தை வாங்கி, 1820களின் தொடக்கத்தில் உதகையில் ‘கல் பங்களா’வைக் கட்டினார், ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் அந்த நிலம் வாங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. உருளைக்கிழங்கையும் பிற ஐரோப்பியக் காய்கறிகளையும் மலையில் பரப்பியவர், தோடர்களின் நில உரிமைக்காக அரசோடு வாதாடியவர் என்ற பெருமைகளும் அவருக்கு உண்டு. ஆனாலும் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மந்தைகள் மேய்ந்த புல்வெளியில் முதலில் மாளிகையையும், பிறகு தோட்டத்தையும், அதன் பின் தைலமரக் காட்டையும் வளர்த்தார்கள். 1841இல் தொடங்கப்பட்ட ஊட்டி கிளப்பும், 1870 முதல் சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகர் என்ற தகுதியும், 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் எட்டிய மலை ரயிலும் சேர்ந்து, விருந்தாளியை வீட்டுக்காரராகவும் வீட்டுக்காரரைக் காட்சிப் பொருளாகவும் மாற்றிவிட்டன. அந்த கிளப்புகளின் விருந்து பெயர்பெற்றது என்றாலும், அதை உண்டவர்களும் பரிமாறியவர்களும் எந்நாளும் ஒரே மேசையில் அமர்ந்ததில்லை. இன்றும் பெரிய விடுதிகளில் ‘காலனிய அனுபவம்’ என்று விற்கப்படுவது அந்தப் பழைய விருந்தின் மிச்சமே.

நகரத்துக்குள்ளேயே உள்ளூர்த்தன்மை கொண்ட உபசாரம் ஒன்றைத் தேட வேண்டுமானால், கிளப்புக்கும் நட்சத்திர விடுதிக்கும் போவதைவிட மார்க்கெட்டை ஒட்டிய டீக்கடைக்குப் போவது மேல். ‘வர்க்கி’ எனப்படும், அடுக்கடுக்காக உதிரும் மொறுமொறுப்பான தின்பண்டத்தைச் சூடான டீயில் தோய்த்துச் சாப்பிடுவது உதகை, குன்னூர் மக்களின் அன்றாட வழக்கம். ஐரோப்பியருக்காக ரொட்டி சுட்ட பேக்கரிகளில் பிறந்து உள்ளூர் நாக்குக்கு ஏற்ப மாறிய பண்டமாக இது கருதப்படுகிறது. பழைய முறையில் செய்பவர்கள் ஈஸ்ட்டுக்குப் பதிலாக ‘மாவா’ என்ற புளிக்கவைத்த கலவையைச் சேர்த்துப் பிசைந்து, விறகு அடுப்பில் சுட்டெடுப்பார்கள். மழை விடாமல் பெய்யும் ஜூலை மாதத்து மாலையில், கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஆட்டோ ஓட்டுநர்களும் காய்கறி மண்டித் தொழிலாளர்களும் பேசிக்கொள்வதைக் கேட்டபடி ஒரு கிளாஸ் டீ குடிப்பவர், பூங்காவில் வரிசையில் நின்றவரைவிட ஊரை நெருங்கிவிடுகிறார்.

தோடர்களின் குடியிருப்புக்கு ‘மந்து’ என்று பெயர். 1848இல் அமைக்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்காவின் மேற்புறத்திலேயே ஒரு மந்து இருப்பதால், பூப்பார்க்க வருகிறவர்கள் அப்படியே ஏறிப்போய் வீடுகளுக்குள் எட்டிப்பார்ப்பது பல காலமாக நடந்துவருகிறது. தோடரின் மரபு வீடு, பாதியாகப் பிளந்து கவிழ்த்த பீப்பாய் போன்ற வடிவத்தில், மூங்கிலாலும் பிரம்பாலும் புல்லாலும் கட்டப்படுவது. ஏறத்தாழ 10 அடி உயரமும் 18 அடி நீளமும் கொண்ட அந்த வீட்டின் வாசல் மூன்று அடி உயரம்தான் என்பதால், யாராக இருந்தாலும் மண்டியிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே நுழைய முடியும். குளிரையும் விலங்குகளையும் தடுப்பதற்கான ஏற்பாடு அது. உள்ளே நுழைகிறவர் யாரென்று பார்த்து அனுமதிப்பதற்கும் அது வசதியாக இருந்திருக்க வேண்டும். இன்று பெரும்பாலான தோடர் குடும்பங்கள் கான்கிரீட் வீடுகளில் வாழ்கின்றன. அதைப் பார்த்து ‘இவர்கள் உண்மையான தோடர்கள் இல்லை’ என்று சலித்துக்கொள்ளும் பயணிகள், தாங்கள் மட்டும் நூறாண்டுக்கு முந்தைய மாட்டு வண்டியில் வராமல் காரில் வந்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மந்தில் வீட்டைவிட முக்கியமானது பால்கோயில். புனித எருமைகளின் பாலைக் கடைந்து பதப்படுத்தும் தொழிலே வழிபாடாக அமைந்த இடம் அது. அதற்கென விதிக்கப்பட்ட விரதங்களைக் காக்கும் பூசாரிக்கு மட்டுமே உள்ளே இடமுண்டு, பெண்களுக்கும் வெளியாருக்கும் அனுமதி இல்லை. 1901-02இல் இங்கே கள ஆய்வு செய்து 1906இல் தோடர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், பால்கோயிலின் விதிமுறைகளை விளக்கவே பல இயல்களைச் செலவிட்டிருக்கிறார். தோடர்களின் மரபு வணக்கத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார்: இளையவர் குனிய, மூத்தவர் தம் பாதத்தை உயர்த்தி அவருடைய நெற்றியில் படவைப்பது. வெளியூர்க் கண்ணுக்கு விந்தையாகத் தெரியும் இந்தச் செயல், அவர்களுக்குள் ஒருவர் மற்றவருக்கு என்ன உறவு, யார் மூத்தவர் என்பதை ஒரே அசைவில் உறுதிசெய்கிறது. அதைப் படம் எடுப்பதற்காக மீண்டும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லும்போது, செய்கை மட்டும் மிஞ்சி அதன் பொருள் போய்விடுகிறது.

பாலிலோ மோரிலோ வேகவைத்த சோறும் நெய்யும் தோடர் உணவின் அடிப்படை; மரபாகவே அவர்கள் இறைச்சி உண்ணாதவர்கள். மேய்ச்சல் நிலம் சுருங்கி எருமைகள் குறைந்துவிட்ட பிறகு, வருகிறவருக்கு மோர் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் முன்போல் எளிதாக இல்லை. தோடர் சமூகத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 2,000 என்பதையும், சீசனில் ஒரே நாளில் உதகைக்கு வரும் வாகனங்களே அதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாப் பயணிகளையும் விருந்தாளியாக ஏற்கும்படி அவர்களிடம் எதிர்பார்ப்பது எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். அந்த எதிர்பார்ப்புக்கு மாற்றாக அமையக்கூடியது அவர்களுடைய கைவேலை. கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், கோடு வரையாமல், துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணித் தோடப் பெண்கள் தைக்கும் ‘பூத்துக்குளி’ என்ற போர்வையின் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தைத்தது என்று சொன்னால்தான் தெரியும், நெய்ததாகவே தோன்றும். ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது. அந்த வேலையைப் பார்க்க நேரம் ஒதுக்கி, தைக்கிறவரிடம் பேசி, பேரம் பேசாமல் வாங்குகிற ஒருவருக்கு அந்த வீட்டின் வாசல் இயல்பாகவே கொஞ்சம் திறக்கும்.

சுற்றுலாவை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் டீன் மக்கானல் 1973இல் ‘அரங்கேற்றப்பட்ட அசல்தன்மை’ என்ற கருத்தை முன்வைத்தார். எந்தச் சமூகத்துக்கும் பிறர் பார்ப்பதற்கென ஒரு முன்பகுதியும் தன் வாழ்வுக்கென ஒரு பின்பகுதியும் உண்டு. பயணி எப்போதும் பின்பகுதியையே பார்க்க விரும்புகிறார். அந்த விருப்பத்தை நிறைவேற்றப் பின்பகுதியைப் போலவே தோன்றும் மற்றொரு முன்பகுதி அமைக்கப்படுகிறது என்பது அதன் சாரம். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இபான் மக்கள் வாழும் நீண்ட வீடுகள் இதற்குத் தாங்களே ஒரு தீர்வைக் கண்டிருக்கின்றன. வீட்டின் முழு நீளத்துக்கும் ஓடும் ‘ருஆய்’ என்ற பொதுக்கூடத்தில் விருந்தினரை அமர்த்தி, ‘துஆக்’ என்ற அரிசி மதுவைக் கொடுத்து, பேச்சும் ஆட்டமும் அங்கேயே நடக்க, குடும்பங்களின் தனி அறைகள் தனியாகவே இருந்துவிடுகின்றன. இதற்கு நேர்மாறான காட்சி அந்தமானில் நிகழ்ந்தது. காட்டுச் சாலையில் வாகனத்தில் போகிறவர்கள் ஜாரவா பழங்குடியினரைத் தின்பண்டம் காட்டி ஆடவைத்த காணொளி 2012இல் வெளியாகி நாடெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்த, 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகள் செல்ல இடைக்காலத் தடை விதித்தது. நீலகிரியில் நிலைமை அவ்வளவு கொடியதாக இல்லை. ஆனாலும் மந்தில் விளையாடும் குழந்தையின் முகத்துக்கு நேரே அனுமதி கேட்காமல் கேமராவை நீட்டும் பழக்கம் அதே திசையில்தான் போகிறது.

விருந்தினரை ஏற்கும் வலிமையும் வசதியும் மனமும் ஒருங்கே அமைந்த சமூகம் என்று நீலகிரியில் படகர்களையே முதலில் சொல்ல வேண்டும். தங்கள் மலைநாட்டை ‘நாக்குபெட்டா’ என்றழைக்கும் அவர்கள் அதைத் தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தை என நான்கு சீமைகளாக வகுத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகளும், அவற்றுக்கு முன்னால் நீளமாகக் கிடக்கும் பொது முற்றமும் பழைய ஹட்டியின் அமைப்பு. அந்த முற்றமே களமாகவும் சபையாகவும் விருந்துக்கூடமாகவும் பயன்பட்டது. பழைய வீட்டுக்குள் வெளி அறை, உள் அறை, அவற்றைத் தாண்டி ‘ஹாகோட்டு’ எனப்படும் பால் அறை என்ற அடுக்கு இருந்தது. பால் வைக்கும் அந்த அறைக்குள் பெண்கள் நுழைவதில்லை என்பது மரபு என்னும்போது, வெளியாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மக்கானல் ஏட்டில் வகுத்த முன்பகுதியையும் பின்பகுதியையும் படகர்கள் சுவரெழுப்பியே வகுத்துவைத்திருந்தார்கள். புதிய வீடுகளில் அந்த அமைப்பு மறைந்துவந்தாலும் அதன் நாகரிகம் மறைந்துவிடவில்லை.

படகர் வீட்டில் இளையவர் தலைகுனிய, மூத்தவர் அவர் தலைமேல் கைவைத்து வாழ்த்துவது முதல் மரியாதை. வந்தவரை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்புவது குறையாகக் கருதப்படுகிறது. அன்றாடச் சமையலில் ராகிக் களியான ‘ராகி ஹிட்டு’வும், அவரையும் கிழங்கும் கீரையும் போட்டுக் காய்ச்சும் ‘உதக்க’ என்ற குழம்பும் இருக்கும். சுடச்சுட இருக்கும் களியை விரலால் கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது பழகாதவருக்குத் தெரியாது. பல்லில் ஒட்டிக்கொண்டு திணறும் விருந்தாளியைப் பார்த்து அந்த வீட்டுப் பாட்டி சிரிக்கும் சிரிப்பில் பாதி நட்பு உண்டாகிவிடும். பண்டிகை என்றால் எண்ணெயில் பொரித்தெடுக்கும் இனிப்பான ‘எண்ணெ ஹிட்டு’ கட்டாயம் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு வருவது டீ. அதோடு வருவது பசுந்தேயிலை விலையைப் பற்றிய பேச்சு. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்குக் கிலோவுக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதே வாழ்வைத் தீர்மானிக்கும் கேள்வி. ‘ஊர் அழகாக இருக்கிறது’ என்று புகழ்கிறவரைவிட ‘இந்த மாதம் கொழுந்துக்கு என்ன விலை’ என்று கேட்கிறவரிடம் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

படகர்களின் பெருவிழா ஹெத்தையம்மன் பண்டிகை. ‘ஹெத்தை’ என்பவர் அவர்கள் குலத்தின் மூதாட்டியாக, முன்னோர்த் தெய்வமாக வணங்கப்படுபவர். கோத்தகிரிக்கு அருகிலுள்ள பேரகணியில் டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலுமாக நடைபெறும் இவ்விழாவுக்கு, பெண்கள் வெள்ளை முண்டும் ஆண்கள் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து பல ஊர்களிலிருந்து நடந்தே வந்து சேரும்போது, தேயிலைப் பச்சைக்கு நடுவே ஒரு வெண்ணிற ஆறு இறங்கி வருவதுபோல் இருக்கும். கூட்டத்துக்குச் சாப்பாடு போடுவது விழாவின் இன்றியமையாத பகுதி. பந்தியில் உட்கார்ந்தவரிடம் எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்பதில்லை. அதே சமயம் கோயிலை ஒட்டிய இடங்களில் செருப்பும் பொருந்தாத உடையும் ஏற்கப்படுவதில்லை. விழாக்களிலும் திருமணங்களிலும் வட்டமாக நின்று ஆடும் படகர் ஆட்டம், கால்வைப்பு எளிதாகத் தோன்றினாலும் தாளம் மாறும் இடத்தில் புதியவரைத் தடுமாறவைக்கும். ஓரமாக நின்று படம் பிடிக்கிறவரை யாரோ ஒருவர் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிடுவது அங்கே சாதாரணம். அப்படி இழுக்கப்பட்டவர் மறுக்காமல் ஆடுவதே மரியாதை.

கோத்தர்களின் நிலை வேறு. ‘கோக்கால்’ எனப்படும் ஏழு ஊர்களில் மட்டும் வாழும் அவர்கள் இரும்பு வேலையிலும் மண்பாண்டத்திலும் இசையிலும் தேர்ந்தவர்கள். கோத்தரின் மண்பாண்டங்களைச் செய்பவர்கள் பெண்கள். பிறருக்காக வாசித்த காலம் போய்விட்ட பிறகு, அவர்களுடைய இசை அய்யனோர், அம்மனோர் திருவிழாவில் அவர்களுக்காகவே ஒலிக்கிறது. அந்த விழாவில் எதை வெளியார் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது, எங்கே படம் எடுக்கலாம் என்பதை ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் போவது வீண். மலைச்சரிவுக் காடுகளில் வாழும் குறும்பர்களும் இருளர்களும் கொடிகளைத் திரித்த ஏணியில் செங்குத்துப் பாறைகளில் இறங்கி மலைத்தேன் எடுப்பதில் வல்லவர்கள். 1993இல் தொடங்கப்பட்டு கோத்தகிரியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, அவர்களுடைய தேனுக்கும் காட்டு விளைபொருள்களுக்கும் நியாயமான சந்தையை உருவாக்குவதில் பங்காற்றியிருக்கிறது. இச்சமூகங்களின் வாழ்வை ஓரளவு முன்கூட்டியே அறிந்துகொள்ள விரும்புவோர், உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு ஊர்களுக்குப் போவது நல்லது.

நீலகிரியின் பெயரை உலகில் பரப்பிய தேயிலைத் தோட்டங்களில் விருந்தோம்பலுக்கு இரண்டு முகங்கள் உண்டு. முதல் முகம் துரைமார்களின் பங்களா. இன்று அவற்றுள் பல விடுதிகளாகிவிட்டன. புல்தரையில் நாற்காலி போட்டு, கீழே விரியும் தோட்டத்தைப் பார்த்தபடி, நயமான ‘ஆர்த்தடாக்ஸ்’ தேயிலையை, அதாவது இலையை வாட்டி, சுருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தும் பழைய முறையில் செய்த முழு இலைத் தேயிலையை, பாலில்லாமல் பருகுவது அங்கே கிடைக்கும் அனுபவம். தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டும் இடங்களில், பச்சைப் புல்லின் வாசனை மெல்ல மெல்லப் பழவாசனையாக மாறுவதை நொதிக்கும் அறையில் நின்று உணர்வது தவறவிடக்கூடாத ஒன்று. 1963 முதல் குன்னூரில் நடந்துவரும் தேயிலை ஏலத்தின் வழியாக அந்தச் சரக்கு வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறது.

மற்றொரு முகம் தொழிலாளர்களின் லைன் வீடுகள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று வகுத்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976இல் ‘டான்டீ’ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருவெடுத்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற அரசுப் பெயரோடு குடியேறிய அவர்கள், தாயகம் என்று சொல்லப்பட்ட இடத்தில் அந்நியராகவே வந்திறங்கியவர்கள். அவர்கள் கொண்டுவந்த சமையல் மலையகத்துச் சமையல்: தேங்காய்த் துருவல் சேர்த்துத் தட்டிச் சுட்ட ரொட்டி, காரமாக இடித்த தேங்காய்ச் சம்பல், பால் சேர்க்காத சாயத்தண்ணி. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறித்து நிறுவைக்குப் போட்டுவிட்டு, காலும் முதுகும் ஓய்ந்து திரும்பிய ஒருவர், வாசலில் நிற்கும் அறிமுகமற்றவருக்கு அந்தச் சாயத்தண்ணியை ஊற்றிக் கொடுக்கும்போது, விடுதியின் புல்தரையில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. ஆனால் அதைத் தேடி லைன் வீடுகளுக்குள் நுழைவது பயணியின் உரிமை ஆகாது. பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பமே வாழும் இடத்தில் பின்பகுதி என்று ஒதுங்கிக்கொள்ள அவர்களுக்கு வேறு இடமில்லை. மலைவாசத்தலங்கள் பலவற்றில் கூடையும் முக்காடும் வாடகைக்குத் தந்து கொழுந்து பறிப்பவர் வேடத்தில் படம் எடுத்துக் கொடுப்பது ஒரு பிழைப்பாகியிருக்கிறது. அந்தக் கூடையை நாள் முழுவதும் உண்மையிலேயே சுமக்கிறவர் அதைப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறார் என்பது படத்தில் விழுவதில்லை.

பணம் கொடுத்துத் தங்கும் பயணிக்கு வீட்டுச் சூழல் கிடைக்கச் செய்யும் முயற்சியே ‘ஹோம்ஸ்டே’. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் நெறிமுறைப்படி, உரிமையாளரின் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது. அந்தப் பலகையை மாட்டிக்கொண்டு, காவலாளி மட்டும் இருக்கும் காட்டேஜ்களும் மலையில் உள்ளன. ஆகவே அறையை முன்பதிவு செய்யும்போது கட்டிலின் அளவைவிட, அந்த வீட்டில் யார் வசிக்கிறார்கள், சாப்பாட்டை யார் சமைக்கிறார்கள் என்று கேட்பது பயனுள்ளது. அண்மை ஆண்டுகளில் சில ஹட்டிகளில் படகர் குடும்பங்களே அறை ஒதுக்கித் தரத் தொடங்கியிருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவது விருந்தோம்பல் ஆகுமா என்ற தயக்கம் மூத்தவர்களிடம் இருந்தாலும், தேயிலை விலை கைவிட்ட காலத்தில் அது கைகொடுக்கிறது என்பதை இளையவர்கள் மறைப்பதில்லை. கைம்மாறு இல்லாத விருந்து இந்த மலையில் எந்தக் காலத்திலும் பெருவழக்காக இருந்ததில்லை. நெய்க்குத் தானியமும் தேனுக்குத் துணியும் மாறியது போலத்தான் இதுவும்.

எத்தனை பேரை மலை தாங்கும் என்ற கேள்வி இப்போது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் இதை எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினார்கள். குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் உள்ளூர்க் குடும்பங்கள் கடையடைப்பு நடத்தும் நிலையில் இல்லாததால் அவர்கள் கருத்து அவ்வளவாக வெளியே கேட்கவில்லை. அரசுப் பேருந்திலும் மலை ரயிலிலும் வருகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை.

சீசன் என்றாலே ஏப்ரல், மே மாதங்கள் என்றாகிவிட்டதால், மலர்க்காட்சியும் பழக்காட்சியும் நடக்கும் அந்த வாரங்களில்தான் பெரும்பாலானோர் வருகிறார்கள். மலைமக்கள் தாங்களே கூடிக் கொண்டாடும் காலமோ டிசம்பரும் ஜனவரியும்: பேரகணியின் ஹெத்தையம்மன் பண்டிகையும், கோத்தர்களின் அய்யனோர், அம்மனோர் விழாவும், இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தூக்கி வலிமை காட்டும் தோடர்களின் மொற்பர்த் பண்டிகையும் இந்த மாதங்களையொட்டியே வருகின்றன. மலர்க்காட்சியைப் போல நாளை முன்கூட்டியே அறிவித்துக் கட்டணச் சீட்டு கிழிக்கும் வழக்கம் இவற்றுக்கு இல்லை. அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறித்த பிறகே தெரியவரும், அதனால் கோத்தகிரியிலோ உதகையிலோ உள்ள அறிமுகமானவர் ஒருவரைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது உதகையின் புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி படிந்திருக்கும், விடுதிக் கட்டணமும் மே மாதத்தைவிடக் குறைவாக இருக்கும். நல்ல கம்பளியும், வாசலில் கழற்ற எளிதான செருப்பும் எடுத்துச் செல்வது உசிதம்.